கொடிவேரிக்குப் போன ஞாயிறு

ஏப்ரல் 10, வியாழன்

மல்லி வரத்து இன்னும் சூடு பிடிக்கவில்லை. பண்ணாரியில் குண்டம் திருவிழா இப்போதுதான் முடிந்தது. கோயிலுக்குப் பூ கொடுத்த களைப்பில் தோட்டக்காரர்கள் படுத்துக் கிடக்கிறார்கள். காலையில் வந்த கொஞ்சத்திலும் பாதி ஈரம். பூவில் தண்ணீர் தெளித்து எடையேற்றுவதை இவர்களுக்கு யார்தான் சொல்லிக்கொடுக்கிறார்களோ. ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் அழுத்தினால் எனக்குத் தெரியாதா? திருப்பி அனுப்பிவிட்டேன்.

இந்த டைரியில் இதுவரை பூ விலையைத்தான் எழுதி வந்தேன். போன வாரம் பிரஷர் பார்த்த டாக்டரம்மா, மனதில் ஓடுவதைத் தினமும் எழுதிப் பாருங்கள் என்றார். மாத்திரையைவிட இது சல்லிசு.

மகள் நவீனா போன் செய்தாள். இருபத்தேழாம் தேதி எங்களுக்குக் கல்யாணமாகி இருபத்தைந்து வருஷமாம். எனக்கு ஞாபகம் இருக்கிறது. அவளுக்கு இருப்பதுதான் ஆச்சரியம். இந்த வருஷம் சும்மா விடப்போவதில்லை, ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்கிறாள். என்னத்தைச் செய்வது? அன்றைக்கும் பூ வரும், அன்றைக்கும் ஏலம் நடக்கும்.

ஏப்ரல் 14, திங்கள்

வருஷப் பிறப்பு. மகளும் மருமகனும் சாப்பிட வந்திருந்தார்கள். என் வீட்டுக்காரர், இவரே எல்லாம் சமைத்தார். மில் மூடியதிலிருந்து வீட்டு அடுப்பு இவர் கையில்தான். நான் குறை சொல்ல மாட்டேன், என்னைவிட நன்றாகவே சமைப்பார்.

மருமகன் கௌரிசங்கர் கோபியில் பைனான்ஸ் வேலையை விட்டுவிட்டார். சாப்பிட்ட கையோடு, என் பூ மண்டியில் தன்னையும் சேர்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார். கேட்டதில் தப்பில்லை. ஆனால் பூவென்றால் மல்லிக்கும் காக்கடாவுக்கும் வித்தியாசம் தெரியாத ஆள். "மொதல்ல ஆறு மாசம் கடையைக் கூட்டித் தண்ணி தெளிங்க மாப்ள, அப்பறம் பேசிக்கலாம்" என்றேன். தமாஷாகத்தான் சொன்னேன். கடையில் எடை போடும் லோகநாதன் பலகாரம் வாங்க வந்து நின்றிருந்தான், அவன் சிரித்தான். வேறு யாரும் சிரிக்கவில்லை. இவர் எழுந்து போய் மோர் கொண்டுவந்து எல்லோருக்கும் ஊற்றினார்.

நான் இருபத்திரண்டு வயதில் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து பூ கட்டி விற்றவள். எனக்கு யாரும் கடையைத் தூக்கிக் கொடுக்கவில்லை.

ஏப்ரல் 17, வியாழன்

மாதையன்தொட்டிக்காரர்களிடமிருந்து இன்னும் வெற்றிலை வரவில்லை. என் கடைக்கு வரும் மல்லியெல்லாம் அந்த ஊர்ப் பூதான்.

எங்கள் மல்லி வியாபாரத்தில் எல்லாமே முதல் கூடைதான். குண்டம் முடிந்தபின் ஒவ்வொரு ஊர்க்காரர்களும் தங்கள் மண்டிக்கு ஒரு நாள் குறிப்பார்கள். அந்த நாளின் முதல் கூடையை எந்தக் கை வாங்குகிறதோ அந்தக் கைக்குத்தான் வருஷம் முழுக்க அந்த ஊர்ப் பூ. ஒரு கை வாங்கக் கூடாது. புருஷனும் பெண்டாட்டியும் ஜோடியாக நின்று, ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து வாங்க வேண்டும். வாங்கிய கூடையில் மஞ்சள் கயிறு கட்டி, அடுத்த வருஷம் வரை கடை உத்தரத்தில் தொங்கவிடுவோம்.

எந்த நாள் என்பதை மார்க்கெட்டில் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். சொன்னால் பக்கத்துக் கடைக்காரன் முந்திக்கொண்டு தோட்டத்துக்கே போய்விடுவான். மாதையன்தொட்டிப் பெரியவர் பசுவண்ணன் எங்கள் வீட்டுக்கு வந்து, வெற்றிலை வைத்து, நாளைச் சொல்லிவிட்டுப் போவார். வெற்றிலை வாங்கிய பிறகு கூடை இறங்கும்வரை இரண்டு பக்கமும் வாய் திறக்காது. நான் அந்த நேரத்தில் மார்க்கெட்டில் இருப்பேன். வெற்றிலை வாங்கிவைப்பது எப்போதும் இவர்தான்.

"ஏனுங்க, வெத்தலை வெச்சுட்டுப் போனாங்களா?" என்று கேட்டேன்.

"இல்ல புள்ள. இந்த வருஷம் பனி ஜாஸ்தி. மே மாசம் ஆயிரும்மாட்ட இருக்குது."

பனி ஜாஸ்திதான். அரும்பு பின்தங்கியிருக்கிறது. சரியென்று விட்டுவிட்டேன்.

ஏப்ரல் 20, ஞாயிறு

கேட்காமலேயே மீன் வாங்கிக் குழம்பு வைத்திருந்தார்.

ஏப்ரல் 23, புதன்

கல்யாண நாளுக்கு வெளியே போவதென்று முடிவாகிவிட்டது. ஊட்டி, கொடைக்கானல் எல்லாம் வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். காலையில் போனால் சாயங்காலம் வீடு வந்து சேர வேண்டும். பண்ணாரி, பவானிசாகர் அணை, கொடிவேரி, அவ்வளவுதான். மூன்றும் எங்கள் ஊரைச் சுற்றியே இருக்கின்றன. கொடிவேரி இவ்வளவு பக்கத்தில் இருந்தும் நான் கடைசியாகப் போனது நவீனா கைக்குழந்தையாக இருந்தபோது. காருக்கு நவீனாவே சொல்லிவிட்டாளாம்.

காலை ஏலத்தை முடித்துவிட்டு ஒன்பது மணிக்குக் கிளம்பலாம் என்றேன். இவர் ஒத்துக்கொள்ளவில்லை. விடியும் முன்பே கிளம்பினால்தான் பண்ணாரியில் கூட்டம் இருக்காதாம். இவர் ஒரு விஷயத்தில் இவ்வளவு பிடிவாதம் பிடித்து நான் பார்த்ததில்லை. "இருவத்தஞ்சு வருசத்துல ஒரு நாள் கேக்கறேன் துளசி" என்றார்.

லோகநாதன் ஒரு நாள் கடையைப் பார்த்துக்கொள்ள மாட்டானா? பார்த்துக்கொள்வான். சீசன் தொடங்காத நேரம் வேறு. சரியென்று சொன்னேன். அப்புறம் இன்னொன்று கேட்டார். போனை வீட்டிலேயே வைத்துவிட்டு வர வேண்டுமாம். இதற்கு நான் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. பேரம் பேசினேன். போன் வரும், ஆனால் அணைத்து இவர் பையில் இருக்கும் என்று படிந்தது.

ஏப்ரல் 26, சனி

கல்யாணப் புடவையை எடுத்துப் பார்த்தேன். ஜாக்கெட் என்னிடமிருந்து ரொம்ப தூரம் போய்விட்டது. கத்திரிப்பூ நிறக் காட்டன் புடவை போதும்.

இவர் சாயங்காலம் வேட்டிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். "மாப்பிள்ளைக்கு என்ன இத்தனை அலங்காரம்?" என்றேன். இஸ்திரிப் பெட்டியைப் பார்த்துக்கொண்டே சிரித்தார்.

ஏப்ரல் 27, ஞாயிறு

இன்றைக்கு நடந்ததை எழுதியே ஆக வேண்டும். விலையெல்லாம் எழுதப்போவதில்லை.

இருட்டோடு கிளம்பினோம். பண்ணாரியில் கூட்டமே இல்லை. இவர் அம்மன் முன்னால் கண்ணை மூடிக்கொண்டு வெகு நேரம் நின்றார். பின்னால் நின்ற அம்மா நகரச் சொல்லும் அளவுக்கு நின்றார். வெளியே வந்ததும், அப்படி என்ன வேண்டுதல் என்று கேட்டேன். "உனக்காகத்தான்" என்றார். மூக்கில் விபூதி விழுந்திருந்தது. துடைத்துவிட்டேன்.

கோயில் வாசலில் ஒரு பெண் மல்லி விற்றுக்கொண்டிருந்தாள். முழம் என்று அவள் சொன்னது என் அளவில் முக்கால் முழம்கூட வராது. அதைச் சொல்லவும் செய்தேன். இவர் காதிலேயே வாங்காமல் அவள் கேட்டதைக் கொடுத்துவிட்டு வாங்கிவந்து என் கொண்டையில் வைத்தார். நான் பூ வைத்து எத்தனை காலம் ஆயிற்று. நாள் முழுக்கப் பூவிலேயே கிடப்பவளுக்குத் தலையில் வேறு எதற்கு என்று விட்டதுதான். ஊசி குத்தியது. எடுக்கவில்லை.

அணையில் பூங்காவைச் சுற்றினோம். வெயில் ஏறுவதற்குள் கடைக்குத் திரும்பிவிடலாமா என்று ஒரு தடவை கேட்டேன். கொடிவேரி பார்க்காமலா என்றார். டிரைவரிடம் அடிக்கடி மணி கேட்டுக்கொண்டார். கையில் வாட்ச் கட்டியிருந்தும் கேட்டார். பசிக்கிறதாக்கும் என்று நினைத்தேன்.

கொடிவேரியில் தடுப்பணை முழுக்கத் தண்ணீர் வெள்ளை வெள்ளையாக விழுந்துகொண்டிருந்தது. பெண்கள் பக்கம் போய் நின்றேன். முதலில் காலை மட்டும் நனைக்கலாம் என்றுதான். பிறகு கத்திரிப்பூப் புடவையோடு தலையைக் கொடுத்துவிட்டேன். தலையில் தண்ணீர் அடிக்கிற அடியில் பூ, ஏலம், பிரஷர் எல்லாம் கழன்று போனது. வெளியே வந்து பார்த்தால் கொண்டையில் மல்லியும் இல்லை. இவர் கரையில் துண்டை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். அப்படிச் சிரித்தால் இவருக்கு இடது கன்னத்தில் ஒரு குழி விழும். அது இருப்பதே எனக்கு மறந்து போயிருந்தது.

பரிசலில் ஏறினோம். எனக்குத் தண்ணீர் பயம் என்பது இவருக்குத் தெரியும். கையைப் பிடித்துக்கொண்டார். பரிசல்காரர் எந்த ஊர் என்று கேட்டதற்கு, "சத்திங்க. என் சம்சாரம் பூ மார்க்கெட்டுல பெரிய கை" என்று சொன்னார். இந்த வார்த்தையை என் முகத்துக்கு நேராக ஒரு நாளும் சொன்னதில்லை. பரிசல்காரரிடம் சொல்கிறார்.

பொரித்த மீன் சாப்பிட்டோம். ஒரு தட்டு வாங்கி, இன்னொரு தட்டு வாங்கி, மூன்றாவதை வாங்க நானே போனேன். மீன் முள்ளை எடுத்து எனக்கு வைத்தார். நடுவில் ஒரு தடவை, "துளசி, உங்கிட்ட ஒண்ணு சொல்லோணும்" என்றார். சொல்லுங்க என்றேன். கொஞ்ச நேரம் தண்ணீரைப் பார்த்தார். "ஒண்ணுமில்ல, இன்னும் ரெண்டு மீன் சாப்புடு" என்றார்.

எதைச் சொல்ல வந்தார் என்று எனக்குத் தெரியும் என்றே நினைக்கிறேன். இந்த வயதில் அதையெல்லாம் வாய்விட்டுச் சொல்ல வெட்கம்தான்.

வீட்டுக்கு வந்ததும் தூக்கம் தூக்கமாக வருகிறது. போனைக்கூட வாங்கிப் பார்க்கவில்லை. இருக்கட்டும்.

ஏப்ரல் 28, திங்கள்

மாதையன்தொட்டியிலிருந்து ஒருத்தரும் பூ கொண்டுவரவில்லை. ஊரில் ஏதாவது துக்கமாக இருக்கும்.

லோகநாதன் வயிற்று வலி என்று ஏழு மணிக்கே வீட்டுக்குப் போய்விட்டான்.

ஏப்ரல் 29, செவ்வாய்

இன்றும் வரவில்லை. போனைப் பார்த்தபோது ஞாயிற்றுக்கிழமை காலையில் லோகநாதன் விடாமல் கூப்பிட்டிருந்தது தெரிந்தது. அவனைப் பிடித்து நிறுத்தினேன். ஏன் கூப்பிட்டாய் என்று கேட்டால் தராசைத் துடைக்கிறான். துடைத்த தராசையே துடைக்கிறான்.

"மூணாவது வரிசையில போய்ப் பாருங்கக்கா" என்றான். "நான் சொன்னேன்னு சொல்லீராதீங்க."

மூன்றாவது வரிசையில் காலியாகக் கிடந்த கடையில் புதுப் பெயின்ட் அடித்திருந்தது. உத்தரத்தில் புதுக் கூடை தொங்கியது. மஞ்சள் கயிறு ஈரம் காயாத நிறத்தில் இருந்தது. கீழே மாதையன்தொட்டிப் பூவெல்லாம் குவிந்து கிடந்தது. எனக்குத் தெரியாத பூவா அது, எந்தத் தோட்டத்துப் பூ என்று அரும்பைப் பார்த்தே சொல்வேன். கௌரிசங்கர் விலை சொல்லிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் பாதி விலையில் நின்றுவிட்டார். நவீனா உள்ளேயிருந்து ஓடிவந்தாள்.

அவள் முதலில் சொன்ன வார்த்தை இதுதான்: "அம்மா, அப்பா உங்ககிட்டச் சொல்லலீங்களா?"

மீதியையும் அவளே சொன்னாள். ஞாயிறு விடியற்காலையில் முதல் கூடை இறங்கியதாம். அவளும் மாப்பிள்ளையும் ஜோடியாக நின்று வாங்கினார்களாம். "அன்னைக்குக் கொடிவேரில வெச்சுப் பக்குவமா உங்ககிட்டச் சொல்லிர்றேன்னு அப்பாதாங்கம்மா சொன்னாரு. உங்களுக்கும் சம்மதம்னுதான் நெனச்சோம்."

நெனச்சோம் என்கிறாள். சம்மதம் என்று நினைத்திருந்தால், நான் காலையில் வந்து நிற்பதைப் பார்த்து முகம் ஏன் அப்படி வெளுக்க வேண்டும்? என் மகள்தானே. எனக்குத் தெரியாதா.

சண்டை போடவில்லை. மார்க்கெட்டில் என்னைச் சுற்றி ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். பூ வாங்க வந்தவள்போல ஒரு பிடி எடுத்து அழுத்திப் பார்த்தேன். ஈரம். அதை அவர்களிடம் சொல்லாமல் கீழே போட்டுவிட்டு வந்தேன்.

மே 1, வியாழன்

நேற்று முழுக்க இவரிடம் பேசவில்லை. இன்று பேசினேன். இவர் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார்.

"வெத்தலை எப்ப வந்துச்சு?"

"வருசப் பொறப்புக்கு மறுநாள்."

அப்படியென்றால், இன்னும் வரவில்லை, பனி ஜாஸ்தி என்று என்னிடம் சொன்னபோது அந்த வெற்றிலை இந்த வீட்டில்தான் இருந்திருக்கிறது. எங்கே வைத்திருந்தார் என்று கேட்டேன். அரிசிப் பானைக்குள் என்றார். அந்தப் பக்கமே நான் போவதில்லை என்பது இவருக்குத் தெரியும்.

பசுவண்ணனிடம் இவர் சொன்னது இது: துளசிக்கு உடம்பு சரியில்லை, பிரஷர், இனிமேல் புள்ளையும் மாப்பிள்ளையும்தான் பார்ப்பார்கள், கூடையை அவர்கள் கையில் கொடுங்கள். வெற்றிலை வாங்கிய வாய் சொன்னது என்பதால் அவரும் நம்பிவிட்டார்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமுல்ல?" என்றேன்.

"கேட்டிருந்தா நீ குடுத்திருப்பியா?"

குடுத்திருக்க மாட்டேன். அது உண்மை. இங்கே எழுதுவதில் எனக்கு என்ன வெட்கம். அந்த மாப்பிள்ளையிடம் கொடுத்தால் ரெண்டே வருஷத்தில் கடை படுத்துவிடும். ஆனால் குடுக்க மாட்டேன் என்று தெரிந்தால், திருடிக்கொள்ளலாமா?

இவர் பூண்டிலிருந்து கண்ணை எடுக்காமலேயே சொன்னார். "வருசம் பூராவும் நான் உனக்கு எதுக்கு வேணும் துளசி? அந்த ஒரு நாளைக்கு. கூடையோட இன்னொரு பக்கத்தப் புடிக்கறதுக்கு. அந்த மாப்பிள்ளையாவது அத்தன பேரு முன்னாடி கடையக் கூட்டுன்னு பேச்சு வாங்கிக் கட்டிக்காம இருக்கட்டும்னு நெனச்சேன்."

இதெல்லாம் அர்த்தமில்லாத பேச்சு. மில் மூடியபோது இவரை யார் ஒரு வார்த்தை சொன்னார்கள்? போய் வேறு வேலை தேடுங்கள் என்று நான் சொன்னேனா? மில் பணம் வராமல் போனதற்கு நான் முகம் சுளித்தேனா? வீட்டில் எதற்குக் குறை? வேட்டி, சட்டை, காப்பி, பேப்பர்

இந்தப் பட்டியலை நிறுத்திவிட்டேன். எழுதிக்கொண்டே போனால் சம்பள ஆளுக்குச் செய்ததுபோல இருக்கிறது.

கடைசியாக ஒன்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. "கொடிவேரில அப்படிச் சிரிச்சீங்களே. அதுவும் அவங்க சொல்லிக்குடுத்ததுங்களா?"

இவர் அப்போதுதான் நிமிர்ந்தார். "இல்ல புள்ள. அன்னைக்கு நெசமாலுமே சந்தோசமா இருந்தேன்."

நடித்தேன் என்று சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். வியாபாரத்தில் நடிப்பு எனக்குப் புதிதில்லை. வாங்குகிறவன் அழுவான், விற்கிறவன் அழுவான், முடிந்ததும் இரண்டு பேரும் டீ குடிப்பார்கள். இது அப்படியில்லை. அங்கே என் கடை கைமாறிக்கொண்டிருக்கிறது. அது தெரிந்துகொண்டே, மணி கேட்டுக் கேட்டுச் சரிபார்த்துக்கொண்டே, எனக்கு மீன் முள்ளை எடுத்துப்போட்டுக்கொண்டு, இவர் நிஜமாகவே சந்தோஷமாக இருந்திருக்கிறார். இதை எந்தக் கணக்கில் சேர்ப்பது? நானும் அன்றைக்குச் சந்தோஷமாக இருந்தேன். அதைத்தான் இவரிடமிருந்து திரும்ப வாங்க முடியவில்லை.

மே 3, சனி

ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு மாதையன்தொட்டிக்குப் போனேன். பசுவண்ணன் தோட்டத்தில் இருந்தார். என்னைப் பார்த்ததும், உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டார். உடம்புக்கு ஒன்றுமில்லை என்றேன். கூடை கைமாறியது எனக்குத் தெரியாது என்பதை மட்டும் சொன்னேன். இவர் பொய் சொன்னார் என்ற வார்த்தையை நான் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

அவர் செடியோரமாகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். பிறகு சொன்னார்: "அம்மிணி, உனக்குத் தெரியாதுன்னா அது கூடையே இல்ல. ஆனா வெத்தலை வாங்குனது உம்பட ஊட்டுக்காரரு. அவரு வாயாலயே எல்லாரு முன்னாடியும் சொல்லோணும். ரெண்டு பேரும் ஜோடியா வந்து நில்லுங்க. கூடையத் திருப்பி வெச்சர்றோம்."

திங்கட்கிழமை ஏலம் முடிந்த பிறகு என்று நாள் குறித்தார். அதையும் வெற்றிலை வைத்தே குறித்தார். இந்தத் தடவை என் கையில் கொடுத்தார்.

இவரிடம் சொன்னேன். நீங்கள் வந்து நிஜத்தைச் சொன்னால் போதும், அதற்கு மேல் நான் உங்களை ஒன்றும் கேட்க மாட்டேன் என்றேன். "சரி" என்றார்.

மே 4, ஞாயிறு

வேட்டிக்கு இஸ்திரி போட்டார். நான் எதுவும் கேலி பேசவில்லை.

மே 5, திங்கள்

மூன்றாவது வரிசையில் நின்றோம். மாதையன்தொட்டிக்காரர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள். பக்கத்து மண்டிக்காரர்களும் வேலை இருப்பதுபோல அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தார்கள். யாருக்கும் எந்த வேலையும் இல்லை. நவீனா உத்தரத்துக்குக் கீழே நின்றாள். கௌரிசங்கர் அவளுக்குப் பின்னால் நின்றார். நானும் இவரும் பக்கத்தில் பக்கத்தில். இவர் தோள் என் தோளில் படும் தூரம்.

பசுவண்ணன் சுற்றி வளைக்கவில்லை. "அர்த்தநாரி, வெத்தலை வாங்குனப்ப நீங்க சொன்ன பேச்சு அம்மிணிக்குத் தெரியுமா, தெரியாதா?"

இவர் மகளைப் பார்த்தார். மாப்பிள்ளையைப் பார்த்தார். சுற்றி நின்ற கூட்டத்தைப் பார்த்தார். என்னை மட்டும் பார்க்கவில்லை.

"தெரியுங்க" என்றார். "அவளுக்குத் தெரியும்."

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள்.

எத்தனையோ ஏலத்தில் கடைசி விலைக்கு முன்னால் ஒரு மூச்சு நேரம் கிடைக்கும். அதற்குள் எல்லாக் கணக்கையும் போட்டுவிட வேண்டும். போட்டேன். இல்லை என்று நான் சொன்னால், இவர் இரண்டு தடவை பொய் சொன்னவர். மகள் அம்மா கடையைத் திருடியவள். இந்த ஊரில் அவள் எந்தக் காலத்திலும் வியாபாரம் செய்ய முடியாது. கூடை என்னிடம் வரும். ஆனால் வீட்டுக்குள் அடித்துக்கொள்கிற மண்டிக்கு யார் பூ கொடுப்பார்கள்? இந்த மாதம் என்னிடம், அடுத்த மாதம் பக்கத்துக் கடையில். கடைசியில் இரண்டு பேருக்கும் இல்லை.

"ஆமாங்க" என்றேன். "தெரியும்."

பசுவண்ணன் என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "அப்ப சரிங்க" என்று சொல்லிவிட்டு நடந்தார். மற்றவர்களும் பின்னால் போனார்கள்.

நவீனா என் கையைப் பிடிக்க வந்தாள். இழுத்துக்கொண்டேன். கௌரிசங்கர் மரியாதையாகத்தான் பேசினார். "அத்தை, நீங்க எப்ப வேணாலும் வந்து உக்காருங்க. உங்க கடை மாதிரி நெனச்சுக்குங்க" என்றார்.

மாதிரி.

ஈரப்பூவை எப்படிக் கண்டுபிடிப்பது என்று சொல்லிக்கொடுக்கலாமா என்று வாய்வரை வந்தது. சொல்லவில்லை. அதைப் படிக்க எனக்கு மூன்று வருஷம் ஆனது. அவரும் படிக்கட்டும்.

ஸ்கூட்டியை எடுத்தேன். இவர் பின்னால் ஏறுவதற்கு வேட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். நான் கிளம்பிவிட்டேன். இவர் பஸ்ஸில் வந்தார்.

மே 6, செவ்வாய்

கடையைத் திறந்தேன். பூ வரவில்லை. கூட்டிப் பெருக்கி, தண்ணீர் தெளித்து, பதினோரு மணிக்குச் சாத்தினேன்.

மே 8, வியாழன்

கூடையும் வெற்றிலையும் மல்லிக்குத்தான். சம்பங்கிக்கு அந்தச் சடங்கெல்லாம் கிடையாது. சீசனும் கிடையாது, வருஷம் முழுக்கப் பூக்கும். நல்ல விலை சொல்கிறவளுக்குக் கொடுப்பார்கள், நாளைக்கு வேறொருத்தி நல்ல விலை சொன்னால் அவளுக்குக் கொடுப்பார்கள். லாபம் கம்மி, அலைச்சல் ஜாஸ்தி. அதனாலேயே பெரிய மண்டிக்காரர்கள் யாரும் அதைத் தொடுவதில்லை. நானும் தொட்டதில்லை.

காலையிலிருந்து அணைக்கு மேற்கே நான்கு ஊர் சுற்றினேன். எல்லா ஊரிலும் முதல் கேள்வி, ஊட்டுக்காரர் வரலீங்களா என்பதுதான். இல்லை என்றேன். ஏன் என்று கேட்டவர்களுக்கு, பூ விலை பேச வந்திருக்கிறேன், பேசலாமா என்றேன். பேசினார்கள். ஒரு ஊரில் அண்ணன் தம்பி இரண்டு பேர், இன்னொரு ஊரில் வீரம்மா என்று ஒருத்தி, தலைக்குத் துண்டு கட்டிக்கொண்டு தானே மருந்தடிக்கிறவள், என்னைவிடப் பேரத்தில் கெட்டிக்காரி. அவளிடம் தோற்றுத்தான் வந்தேன். பரவாயில்லை. முதலில் பூ வரட்டும்.

லோகநாதனை நவீனா கூப்பிட்டிருக்கிறாளாம். போவதா இருப்பதா என்று என்னிடம் வந்து கேட்டான். சம்பளம் அங்கே அதிகமென்றால் போ, எனக்கு வருத்தமில்லை என்றேன். இருக்கிறேன் என்றான். எதற்கென்று நான் கேட்கவில்லை.

மே 10, சனி

சமைத்து மூடி வைத்திருந்தார். பசித்தது, சாப்பிட்டேன். கழுவி வைத்தேன்.

மே 12, திங்கள்

சம்பங்கி இன்றைக்கு வந்தது.

விடிவதற்கு முன் கடையைத் திறந்து நானும் லோகநாதனும் நின்றிருந்தோம். வெளிச்சம் வரும் நேரத்தில் இவர் வந்தார். யாரும் கூப்பிடவில்லை. தலைக்குக் குளித்து, இஸ்திரி போட்ட வேட்டி, நெற்றியில் விபூதி. முதல் கூடை அன்றைக்கு எப்படி வருவாரோ அப்படி. நேராக வந்து என் இடது பக்கம் நின்றுகொண்டார். இருபது வருஷமாக நிற்கிற இடம், கால் தானாகவே கண்டுபிடித்துக்கொள்ளும்போல. இரண்டு கையையும் துடைத்துக்கொண்டு லேசாக முன்னால் நீட்டி வைத்திருந்தார்.

மினி வேனிலிருந்து வீரம்மா இறங்கினாள். இவரைப் பார்த்து, இவர் யார் என்பதுபோல என்னைப் பார்த்தாள். நான் சொல்லவில்லை.

சம்பங்கி கூடையில் வருவதில்லை. சாக்கில் கட்டி வரும். ஒரு ஆள் முதுகு கொடுத்தால் போதும். முதல் மூட்டையை நானே வாங்கித் தோளில் ஏற்றினேன். கனம்தான், ஆனால் மல்லிக் கூடையைவிடப் பிடிக்கத் தோதாக இருக்கிறது. இவர் நீட்டிய கையோடு அப்படியே நின்றிருந்தார். தராசுக்குப் போகும் வழியில்.

"எடை போடற எடமுங்க" என்றேன். "கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

தள்ளி நின்றார்.